முகமா, தவிப்பா? தவிப்புதான்!

நடுவர் ஐயாவுக்கும், இந்த வெயில்லயும் மயிலாப்பூர் வரைக்கும் வந்து மண்டபம் நெறைய உக்காந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். கேம்லயும் கம்ப்யூட்டர்லயும் வர்ற பாத்திரங்க மேல நமக்கு இரக்கம் வர்றது அதோட உருவத்தாலயா, தவிப்பாலயா, இதுதான் இன்னைக்கு தலைப்பு. நான் தவிப்புன்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அண்ணன் நல்லாவே பேசினாரு, முகம் அச்சு அசல் மனுஷன் மாதிரி இருக்கணும், கண்ணுல தண்ணி கோக்குறது தெரியணும், அப்பதான் மனசு உருகும்னாரு. அண்ணே, 1944ல அமெரிக்காவுல ஹைடர், சிம்மல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு குட்டிப் படம் போட்டுக் காட்டினாங்க. ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரி திறந்து மூடுற ஒரு கட்டம், அவ்ளோதான் படமே. கண்ணு கிடையாது, வாய் கிடையாது. பெரிய முக்கோணம் துரத்துது, வட்டம் ஓடுது, ஒதுங்குது. பார்த்தவங்க ஏறக்குறைய எல்லாருமே பெருசு முரடன், வட்டம் பயந்துபோச்சு, சின்னது எதிர்த்து நிக்குதுன்னு கதையாவே சொன்னாங்க. வட்டத்துக்கு ஏதுங்க முகம்?

இன்னொண்ணு, முகம் மனுஷனுக்கு ரொம்பக் கிட்ட வந்து கொஞ்சமே கொஞ்சம் இடிச்சா நமக்கு இரக்கம் வராது, ஒரு மாதிரி திகிலா இருக்கும்னு ஜப்பான்ல மசாஹிரோ மோரிங்கிற ரோபோ ஆராய்ச்சியாளர் 1970லயே எழுதிட்டாரு.

பறக்கும் ரயில்ல ஒரு நாள் எதிர் சீட்ல ஒரு பையன், ஏழெட்டு வயசு இருக்கும், அம்மா போன்ல மைன்கிராஃப்ட் ஆடிட்டு இருந்தான். அதுல நாய் எப்படி இருக்கும்னு ஆடினவங்களுக்குத் தெரியும், சதுரத் தலை, சதுரக் காலு, நாலு பெட்டிய ஒட்டின மாதிரிதான். அந்த நாய உக்காருன்னு சொல்லிட்டா, நாம வந்து எழுப்புற வரைக்கும் அது அங்கேயேதான் உக்காந்திருக்கும். இவன் அத உக்கார வச்சுட்டு எங்கயோ தூரம் போயிட்டான் போல, திருமயிலை ஸ்டேஷன் வந்துருச்சு, அம்மா கையப் புடிச்சு இழுக்கறாங்க, இவன் எழுந்திருக்க மாட்டேங்கறான், "அது எனக்காக உக்காந்திருக்கும்மா, கூட்டிட்டு வந்துடறேன்மா"ன்னு குரல் உடைஞ்சு போச்சு. அந்த நாய் முகத்துல ஒரு உணர்ச்சியும் இல்ல ஐயா, ஆனா அது காத்துட்டு இருக்குது, அது எழுந்திருக்கறது இவன் கையில இருக்குது, இந்த ரெண்டும்தான் அந்தப் புள்ளைய உலுக்குச்சு. நம்ம தெக்கத்திப் பக்கம் தோல்பாவைக்கூத்துல நல்லதங்காள் கதை போடுவாங்களே, ஆட்டுத்தோல்ல வெட்டின பொம்மை, விளக்கு வெளிச்சத்துல வெள்ளைத் துணி மேல விழற நிழல், அதுக்கு அழுத சனங்க முகபாவம் பார்த்தா அழுதாங்க? பசியில புள்ளைங்களோட அவ கிணத்துக்குப் போறா, அதுக்கு அழுதாங்க.

கடைசியா எதிரணித் தங்கச்சி ஒரு ஆராய்ச்சிய எடுத்து வீசினாங்க, அதுக்கு பதில் சொல்லியே ஆகணும். 2006ல வெளிவந்தது, லண்டன்ல மெல் ஸ்லேட்டர் குழு பண்ணது. கம்ப்யூட்டர்ல ஒரு பொம்பள உருவம், தப்பா பதில் சொன்னா ஷாக் குடுக்கணும், ஷாக்கும் பொய், ஆளும் பொய்னு கலந்துகிட்ட 34 பேருக்கும் நல்லாத் தெரியும். அப்படியும் அவளப் பார்த்துக் கேட்டபடி ஷாக் குடுத்த 23 பேருக்குத்தான் படபடப்பு அதிகம், எழுத்துல மட்டும் பதில் வாங்கின 11 பேருக்கு அவ்ளோ இல்ல, அதனால உருவம்தான் காரணம்னாங்க. தங்கச்சி, அந்த 11 பேர்கிட்டருந்து மறைச்சது உருவத்தை மட்டுமா? அவ வலியில கத்தறது, எனக்கு வேணாம், நிறுத்துங்கன்னு மறுக்கறது, அதுவும் சேர்ந்துதானே அவங்களுக்கு வந்து சேரல! உருவம் ஒண்ணும் அச்சு அசல் இல்ல, பார்த்த உடனே பொம்மைன்னு தெரியற உருவம்தான். அந்த பொம்மை மறுத்தப்ப 23 பேர்ல சிலர் மேல குடுக்க மனசில்லாம, கடைசி ஷாக் வரைக்கும் போகாமலே நிறுத்திட்டாங்க, எழுத்து மட்டும் பார்த்தவங்க கடைசி வரைக்கும் குடுத்தாங்க. வெறும் முகம் காட்டி, மறுப்பே இல்லாம உக்கார வச்சிருந்தா அவங்க நிறுத்தியிருப்பாங்களா, இத எதிரணி சொல்லட்டும், அப்புறம் தீர்ப்பு சொல்லுங்க ஐயா. நன்றி, வணக்கம்.