தம்பியின் சூதாட்டக் கடனை மூன்றாவது முறையும் அடைக்கலாமா?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் தம்பி மொபைலில் பணம் கட்டிச் சூதாடுகிறான். இரண்டு முறை கடனை அடைத்தோம். இரண்டு முறையும் இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். இப்போது மறுபடியும் கடன். 'இந்த ஒரு தடவை கொடு அக்கா, விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்' என்கிறான். இது வியாதியா, திமிரா? கொடுக்கலாமா?"

சரி, பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் கையில் கொடுக்காதீர்கள்.

'விட்டதைப் பிடிக்கிறேன்' என்கிறார் பாருங்கள், நோயே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பணம் போனால் ஆட்டம் வெறுத்துவிடும். இவருக்கோ போன பணம்தான் அடுத்த பந்தயத்துக்குக் காரணமே. இதைத் திமிர் என்று சொல்லாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில், குடி, போதைப்பொருள் பழக்கங்கள் இருக்கும் அதே பிரிவுக்குச் சூதாட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மொத்தம் 9 அறிகுறிகள். ஓராண்டுக்குள் 4 இருந்தாலே நோய் என்று கணக்கு. விட்டதைத் துரத்துவது, நிறுத்தப் பார்த்துத் தோற்பது, கடனை அடைக்கப் பிறரிடம் போய் நிற்பது என்று மூன்று உங்கள் கேள்விக்குள்ளேயே வந்துவிட்டன. மிச்சத்தை மருத்துவர் விசாரித்துச் சொல்லட்டும்.

மொபைலில் இப்படிப்பட்ட ஓர் ஆட்டத்தின் திரையை ஒருமுறை பக்கத்திலிருந்து பாருங்கள். மூன்று கட்டங்கள் சுழல்கின்றன. மூன்றிலும் ஒரே எண் கோட்டில் வந்து நின்றால் பரிசு. முதலில் 7 வந்து நிற்கிறது. இரண்டாவதிலும் 7. மூன்றாவது கட்டத்தில் 7 மெதுவாக இறங்கி, கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலேயே நின்றுவிடுகிறது. தோல்விதான், பணம் போயாச்சு. ஆனால் மூளைக்குள் ஜெயித்தால் விழித்துக்கொள்ளும் அதே பகுதிகள் இதற்கும் விழித்துக்கொள்கின்றன. 'அட, வந்துவிட்டதே!' என்று கை தானாகவே அடுத்த பொத்தானுக்குப் போகிறது. பரிசு எப்போது விழும் என்று தெரியாமல் இருப்பதுதான் ஆளை உட்கார வைக்கிறது. ஒழுங்காக விழுந்தால் சீக்கிரமே சலித்துவிடும்.

அப்புறம், விட்டதைப் பிடிக்க முடியுமா? ரூலட் என்றொரு சூதாட்டம், சுழலும் சக்கரத்தில் பந்தை உருட்டிவிட்டு அது எந்தக் குழியில் விழும் என்று பந்தயம் கட்டுவார்கள். ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 37 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, பூஜ்யம் ஒன்று. சிவப்பிலோ கறுப்பிலோ 100 கட்டினால், சராசரியாக 2.70 நடத்துபவருக்குப் போகும். எவ்வளவு நேரம் ஆடினாலும் இந்த விகிதம் மாறாது, போகும் தொகைதான் ஏறும். 1913-இல் மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் இதே ஆட்டத்தில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. 'இனி சிவப்புதான்' என்று ஜனங்கள் மேலும் மேலும் கட்டி இழந்தார்கள். பந்துக்கு முன்பு எங்கே விழுந்தோம் என்று ஞாபகம் இருக்காது.

இனி செய்ய வேண்டியது. அவரை உட்கார வைத்து, யாருக்கு எவ்வளவு என்று எல்லாக் கடனையும் காகிதத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றை மறைப்பார். கோபப்படாமல் இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள். நீங்கள் மொத்தமாக அடைத்துவிட்டால், அவருக்கு அது மறுபடி கடன் வாங்க வழிவிட்ட மாதிரி ஆகிவிடும். அவர் சம்பளத்திலிருந்தே தவணையாகப் போகட்டும். அவர் சம்மதத்தோடு வரவு செலவை வீட்டில் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். சூதாட்ட ஆப்களில் 'என்னை இனிச் சேர்க்காதே' என்று பதிய வழி இருந்தால் பதியச் சொல்லுங்கள். தடுப்பு மென்பொருளும் போடலாம். இவையெல்லாம் கைக்கும் பந்தயத்துக்கும் நடுவே கொஞ்ச நேரம் வாங்கித் தருவதற்குத்தான். ஆசை அலை மாதிரி, எழும்பும், தணியும். தணியும்வரை கையில் பணம் இல்லாமல் இருந்தாலே பெரிய விஷயம்.

சிகிச்சை என்றால், எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் மனநல சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது. நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலேயே சிலருக்குச் சூதாட்ட வெறி வருவதுண்டு. அதனால் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். சூதாட்டக் கடனில் இருப்பவர்களுக்குத் தற்கொலை எண்ணம் வரும் ஆபத்து அதிகம். 'செத்துவிடலாம் போல இருக்கிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கடன் பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.