பட்டிமன்ற உரை: சனிக்கிழமை ஒன்பதரை மணி

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, தி.நகர் நெரிசலைத் தாண்டி நேரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நேரத்தோடு வராமல் கதவருகே நிற்பவர்களுக்கும் வணக்கம். முன்னாள் மாணவர் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்; அன்றைக்கும் நீங்கள் அங்கேதான் நின்றீர்கள்.

முன்னாள் மாணவர்களைக் கல்லூரியோடு சேர்த்து வைப்பது விழாக்களா, தொண்டா? இதுதான் தலைப்பு. தொண்டுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா பிரமாதமாகப் பேசினார். வெள்ளிவிழாச் சந்திப்பில், 25 வருடம் பார்க்காத தோழியைக் கட்டிப்பிடித்து அழுததைச் சொன்னபோது இரண்டாவது வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே தொண்டை அடைத்தது. விழா என்று ஒன்று இல்லாவிட்டால் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள், தொண்டுக்கு ஆள் பிடிக்கிற வலையே விழாதான் என்றும் ஒரு போடு போட்டார். அக்கா, ஒரே ஒரு சந்தேகம். தோழியைக் கட்டிப்பிடித்தீர்கள், சரி. கல்லூரியை எப்போது கட்டிப்பிடித்தீர்கள்?

கைதட்டல் இருக்கட்டும். கிண்டலுக்குக் கேட்கவில்லை. என் கதையையே சொல்கிறேன்.

இந்த ஊரில் ஒரு கலைக் கல்லூரியில் பி.காம். படித்து 1996-ல் வெளியே வந்தவன் நான். எங்கள் பேட்ச்சின் முதல் சந்திப்பு 2014-ல், கல்லூரி ஆடிட்டோரியத்திலேயே நடந்தது. பழைய பேராசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவர்களில் ஒருவர், எங்கள் வருகைப்பதிவேட்டை ரோல் நம்பர் வரிசையில் மனப்பாடமாகச் சொன்னார். உருகிவிட்டோம். இரண்டாவது சந்திப்பு 2017-ல். ஆடிட்டோரியத்தில் ஏசி இல்லை என்று எழும்பூரில் ஒரு ஓட்டல் ஹாலுக்கு மாற்றினார்கள். இரண்டே பேராசிரியர்கள் வந்தார்கள், அவர்களும் ஏழரைக்கெல்லாம் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மூன்றாவது சந்திப்பு ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டில். நீச்சல்குளம், கரோக்கி, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். அருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ராத்திரி வீட்டுக்கு வந்து டி-ஷர்ட்டைக் கழற்றும்போதுதான் தோன்றியது, இதில் கல்லூரி எங்கே? தேடினால், டி-ஷர்ட்டின் முதுகில் இருந்தது.

நடுவர் அவர்களே, எதிரணியின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. விழா நம்மை நம் பேட்ச்சோடு சேர்க்கிறது, நம் இருபது வயதோடு சேர்க்கிறது. கல்லூரி அதற்கு ஒரு சாக்கு. தேரோடு போயிற்று திருநாள், தாயோடு போயிற்று பிறந்தகம் என்பார்கள். நமக்குப் பாடம் எடுத்தவர்கள் ஓய்வு பெற்றுப் போன பிறகு, அந்தக் கட்டடத்தில் நம் பெயர் தெரிந்தவர் யார் இருக்கிறார்? பிறந்த வீடு என்று ஆசையாகப் போனால் வாசலில் அண்ணி நிற்கிறாள்.

வாசல் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த முதல் சந்திப்புக்கு அடுத்த மாதம், மதிப்பெண் பட்டியல் நகல் விஷயமாக ஒரு செவ்வாய்க்கிழமை கல்லூரிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"யாரைப் பார்க்கணும்?"

"நான் இங்கே படிச்சவன்ங்க."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. லெட்டர் இருக்கா?"

முந்தின மாதம் எங்களுக்கு 'வருக வருக' பேனர் கட்டியிருந்த அதே கேட். பேனர் கட்டிய கயிறுகூட அவிழ்க்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் வெயிலில் நின்றேன். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. விழாவுக்குப் போனவன் விருந்தாளி. பந்தி எடுத்த பிறகு விருந்தாளிக்கு அந்த வீட்டில் என்ன வேலை?

அப்புறம், விழாவுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். "இப்ப என்ன பண்றே?" என்ற கேள்விக்குப் பதில் கையில் இருப்பவர்கள் வருகிறார்கள். இல்லாதவர்கள், "அன்னைக்கு ஊர்ல இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டில் டிவி பார்க்கிறார்கள். நம் ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். கணக்கில் புலி, மற்ற பாடங்கள் காலை வாரிவிட்டதால் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தர் வேலையில் சேர்ந்தார். அந்த வருடம் அவர் பேட்ச்காரர்கள் ஒரு ரீயூனியன் போட்டிருந்தால் மனிதர் போயிருப்பாரா? போயிருந்தால்தான் என்ன கேட்டிருப்பார்கள்? "அரியர் கிளியர் பண்ணிட்டியாப்பா?"

எங்கள் பேட்ச்சிலும் அப்படி ஒருவன் இருக்கிறான். ராமானுஜன் அளவுக்கு இல்லை, ஆனாலும் எங்களில் நல்ல மூளை அவனுக்குத்தான். பாரிமுனையில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறான். மூன்று சந்திப்புகளில் ஒன்றுக்கும் வரவில்லை. அவனைக் கல்லூரிக்குள் வரவழைத்தது வெள்ளம்.

2015 டிசம்பர். ஒன்றாம் தேதி மழை, செம்பரம்பாக்கம் ஏரி, அடையாறு என்று நான் விளக்க வேண்டியதில்லை. இந்த ஹாலில் பாதிப் பேர் அதில் நனைந்தவர்கள். எங்கள் வாட்ஸாப் குழு அதுவரை ரோஜாப்பூ போட்ட 'குட் மார்னிங்'கோடு தூங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் திரும்பிய அன்று ஒரு செய்தி வந்தது: "காலேஜ் பழைய ஹால் திறந்திருக்கு. பொட்டலம் கட்ட ஆள் வேணும்." அவ்வளவுதான். அழைப்பிதழும் இல்லை, சிறப்பு விருந்தினரும் இல்லை. போய்ப் பார்த்தால் எங்களுக்கு முன்னால் பாரிமுனைக்காரன் நிற்கிறான், கடையிலிருந்து சாக்கும் சணல் கயிறும் தூக்கிக்கொண்டு. பிரெட், பால் பவுடர், மெழுகுவத்தி, பாய், நாப்கின். கால் முழுக்கச் சேற்றோடு தரையில் உட்கார்ந்து கட்டினோம். "இப்ப என்ன பண்றே?" என்று ஒருத்தரும் ஒருத்தரையும் கேட்கவில்லை. "அந்தக் கயிறை இப்படித் தள்ளு" என்றுதான் கேட்டார்கள்.

கடைசி நாள், வணிகவியல் துறைப் பேராசிரியை ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "பொட்டலம் முடிஞ்சதும் காணாமப் போயிடாதீங்க. சனிக்கிழமை காலைல வந்து என் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் நிஜக் கணக்கு சொல்லிக்கொடுங்க." 22 பேர் கை தூக்கினோம். மூன்றாவது வாரம் 9 பேர் வந்தோம். எதிரணி சிரிக்கலாம். 22 ஒன்பதானது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த 9 பேரில் 7 பேர் இன்றைக்கும் வருகிறோம். ரிசார்ட்டுக்கு வந்த 60 பேரில் எத்தனை பேருக்கு இப்போதைய முதல்வர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பி பிளாக், 14-ஆம் நம்பர் அறை. மின்விசிறி மூன்று, சுற்றுவது இரண்டு. காலை ஷிஃப்ட் பிள்ளைகள். பாதிப் பேர் மத்தியானம் ஜவுளிக்கடைக்கோ கூரியர் ஆபீசுக்கோ வேலைக்குப் போகிறவர்கள், பதினொன்றரைக்கு விட்டுவிட வேண்டும். பாரிமுனைக்காரன் ஒரு மஞ்சப்பையிலிருந்து பழைய வவுச்சர் கட்டை எடுத்து மேசையில் போடுகிறான். கடைப் பெயரெல்லாம் பேனாவால் அடித்திருக்கிறது. "இதுல கேஷ் புக்குக்கும் கையிருப்புக்கும் 63 ரூபா உதைக்குது. கண்டுபிடிங்க."

முக்கால் மணி நேரம் தேடினார்கள். எல்லா வவுச்சரையும் இரண்டு தடவை கூட்டியாயிற்று. 63 ரூபாய்க்கு வவுச்சரே இல்லை. அப்போது அவன் சொன்னான்: "வித்தியாசத்தை ஒன்பதால வகுத்துப் பாருங்க. மீதி இல்லாம வகுபட்டா, எவனோ இலக்கத்தை இடம் மாத்தி எழுதியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி." பாடப்புத்தகத்தில் அதைத் தேடிப்பிடிக்க நேரமாகும், கல்லாப்பெட்டி பக்கத்தில் 18 வருடம் உட்கார்ந்தவன் வாயிலிருந்து அது தானாக வரும். கும்மிடிப்பூண்டியிலிருந்து விடியற்காலை மின்சார ரயில் பிடித்து வரும் ஒரு பெண், அதுவரை வாயே திறக்காதவள், பத்து நிமிடத்தில் எழுந்து நின்றாள். "சார், 92 ரூபா டீச்செலவை 29-னு எழுதியிருக்கு." 92-ல் 29 போனால் 63. அறையே கத்தியது. அவன் முகத்தைப் பார்த்தேன். எந்த ரீயூனியன் மேடையிலும் எந்த நினைவுப்பரிசும் அந்த முகத்தைக் கொண்டுவந்திருக்காது.

அந்தப் பெண் பிற்பாடு வளாகத் தேர்வில், உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டபோது இந்த 63 ரூபாய்க் கதையைத்தான் சொன்னாளாம். வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள், அந்தக் கம்பெனியில் கிடைக்கவில்லை. அடுத்ததில் கிடைத்தது.

விழாதான் ஆள் பிடிக்கிற வலை என்றார் அக்கா. எங்களை எந்த வலை பிடித்தது? ஒரு அம்மா, ஒரு வாக்கியம், நாளும் நேரமும் சொல்லிக் கூப்பிட்டார். 2003-ஐயும் நினைத்துப் பாருங்கள். மெரினாவைப் பார்த்து நிற்கும் ராணி மேரி கல்லூரி, 1914-ல் தொடங்கியது. அதை இடித்துவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு சொன்னது. மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பழைய மாணவிகளும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அவர்களுக்கு யார் பூங்கொத்து கொடுத்து வரவேற்றார்கள்? கல்லூரிக்கு நாம் வேண்டும் என்று தெரிந்தால் நம் ஜனம் சொல்லாமலே வரும்.

கல்லூரிகள் மேலும் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாடு என்றே ஒரு தலைப்பு இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் சில இடங்களில் அது என்ன ஆகிறது? குழு வருவதற்கு முன்னால் அவசரமாக ஒரு விழா, ஜியோடேக் போட்ட நாலு போட்டோ, ஃபைல் மூடியாயிற்று. இன்னொன்று, சங்கத்தில் சேரும் படிவத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பெயர், பேட்ச், பதவி, ரத்த வகை, ஆயுள் சந்தா எவ்வளவு. ரத்தம்கூடக் கேட்கிறார்கள். 'உங்களுக்கு என்ன சொல்லித்தரத் தெரியும், எந்தக் கிழமை வரமுடியும்' என்று ஒரு கட்டம் கிடையாது. பணம் கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. பாரிமுனைக்காரனிடம் பணம் கேட்டிருந்தால் இன்னொரு இருபது வருடம் ஊரில் இல்லாமல் போயிருப்பான்.

விழாவே வேண்டாம் என்கிறேனா? ஐயையோ, சாப்பாட்டை யார் விடுவார்கள்? வைக்கட்டும். வருடம் முழுக்க வேலை பார்த்தவர்கள் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். பொங்கல் வருவது அறுவடைக்குப் பிறகு. எதிரணி விதைக்காமலே பானை வைக்கச் சொல்கிறது.

மணி அடித்துவிட்டார் நடுவர், முடித்துக்கொள்கிறேன். அதே வாட்ச்மேன் இன்னும் அந்தக் கேட்டில்தான் இருக்கிறார். போன வாரம் நான் வர கொஞ்சம் தாமதம். கேட்டைத் திறந்துகொண்டே, "என்ன சார், இன்னைக்கு லேட்டு? பிள்ளைங்க மேல போயாச்சு" என்று கடிந்துகொண்டார்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி, பி பிளாக், 14-ஆம் நம்பர் அறை. எதிரணி அக்காவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஜிஎஸ்டி சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் குறைகிறது. வணக்கம்.