பிப்ரவரி 15

அவைத் தலைவருக்கும் அமர்ந்திருக்கும் பெரியோர்க்கும் வணக்கம். பேரரசுகள் எழுந்த கதையையும் விழுந்த கதையையும் பேசச் சொன்னார்கள். ரோமாபுரியில் தொடங்கினால் இன்றிரவு யாரும் வீட்டில் சாப்பிட முடியாது. ஆகவே சிங்கப்பூரை விட்டு நான் நகரப் போவதில்லை.

1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் இங்கே வந்திறங்கியது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஆண்டு மே மாதம் அவரோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை போட்டார். பிறகு இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து சாலை போட வைத்தார்கள், கட்டடம் கட்ட வைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளைச் சுவரின் மினுமினுப்பு நம்முடைய மதராஸ் சுண்ணாம்புச் சாந்து. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து, கைதிகள் பூசியது. 1867 வரை இந்தத் தீவின் நிர்வாகமே கல்கத்தாவின் கையில்தான் இருந்தது. கஜானாவை நிரப்பியதில் பெரும்பங்கு அபினிக்கு. அதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறேன்.

இப்படி இந்தியக் கையால் எழுந்த ஆட்சிக்கு இந்தியக் கைதான் காவலும் நின்றது. அந்தக் கை முதன்முதலில் இங்கே உதறியது 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. ஐந்தாவது இலகு காலாட்படைச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். முஸ்லிம்களான அவர்களிடையே, சக முஸ்லிம்களான துருக்கியரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி பரவியிருந்தது. வெடிச்சத்தத்தைப் பட்டாசு என்று எண்ணியவர்களும் உண்டு. கலகத்தை அடக்கத் தன் படை போதாமல் பிரிட்டன் பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானிய மாலுமிகளைக் கூப்பிட்டது. ஆம், ஜப்பானியர்களைத்தான்! அவுட்ரம் சிறைக்கு வெளியே, ஊர் பார்க்க, 47 சிப்பாய்களைச் சுட்டுக் கொன்றார்கள்.

அடுத்த கதை தீவின் வடகரையிலுள்ள செம்பவாங். கோடிக்கணக்கில் கொட்டி அங்கே கட்டிய கடற்படைத் தளத்தை 1938 பிப்ரவரி 14 அன்று திறந்தார்கள். தளம் இருந்தது, அதில் நிற்கப் பெரிய கப்பற்படைதான் இல்லை. ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு வரும் என்பது ஏற்பாடு. கல்யாண மண்டபம் கட்டிவிட்டு மாப்பிள்ளைக்குக் காத்திருந்த கதைதான். வந்த இரு பெரிய கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் கிழக்குக் கரையில் குவாந்தான் அருகே மூழ்கடித்தன. நம் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தே நின்றன என்று இன்றும் சொல்கிறார்கள். பல பீரங்கிகளைத் திருப்ப முடிந்தது. ஆனால் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலைத் துளைக்கச் செய்தவை, காலாட்படைமீது அவ்வளவாகப் பயன்படவில்லை.

தளம் திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆயிற்று. 1942 பிப்ரவரி 15, மறுபடியும் சீனப் புத்தாண்டு. புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். கடிகாரங்களைக்கூட டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள்.

என்னைக் கேட்டால், பேரரசு விழுந்தது அந்த மேசையில் இல்லை. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் திடலில் விழுந்தது. ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்களை வெள்ளை அதிகாரிகளிடமிருந்து பிரித்து அங்கே வரவழைத்தார்கள். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஒலிபெருக்கியில் சில வார்த்தைகள் சொல்லி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். சந்தையில் மாட்டுக் கயிறு கைமாறுவதுபோல. அந்தச் சிப்பாய்களில் பலர் பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய நம் பெண்கள் 1943இல் அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அதுவரை தோட்டத்துரையின் முன் தலைநிமிராதவர்கள்.

1945இல் பிரிட்டன் திரும்பி வந்தது, கொடியும் ஏறியது. 1947இல் இந்தியா போனதும் கிழக்கே அனுப்ப அந்தச் சிப்பாய்கள் இல்லை. பிறகு நடந்ததெல்லாம் கணக்கு முடிப்பதுதான்: 1968இல் வெளியேறும் அறிவிப்பு, 1971 அக்டோபர் இறுதியில் கதவடைப்பு. செம்பவாங்கில் வேலை செய்த தமிழர், மலையாளிக் குடும்பங்களுக்கு அந்த ஆண்டுகள் விடுதலையாகத் தெரியவில்லை, அடுத்த மாதச் சம்பளக் கவலையாகத்தான் தெரிந்தன.

நேரமிருந்தால் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். தெருப் பலகைகளில் மால்டா, ஜிப்ரால்டர், பெர்முடா என்று பேரரசின் மற்றக் கடற்படைத் தளங்களின் பெயர்கள் எழுதியிருக்கும். கடற்படை அதிகாரிகள் குடியிருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்கள் மரங்களுக்கிடையே நிற்கும். இப்போது அவை வாடகைக்குக் கிடைக்கின்றன.