முன் ஃபோர்க் ஆடுகிறதா? தூக்கிப் போடும் முன் விரலை வைத்துப் பாருங்கள்

(காட்சி: ஆற்றங்கரை மண்பாதை. சேறு காய்ந்த முன்சக்கரம்.)

நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குப் பக்கத்தில், வெண்ணாற்றங்கரையில் நிற்கிறேன். மலையே இல்லாத டெல்டாவில், முன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரட்டைக் காலில், குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் வைத்த சைக்கிள் எதற்கு என்று கேட்கிறார்கள். நடவு நேரத்தில் டிராக்டர் போன தடத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

நம் ஊரில் ஃபோர்க்கைக் கெடுப்பது பள்ளம் இல்லை, வண்டல். மாவு போல நைசான மண். ஃபோர்க் காலின் வாயில் உள்ள ரப்பர் சீலுக்குள் நுழைந்து கிரீஸோடு குழைந்துவிட்டால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். சைக்கிளை வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிறோமே, அப்போதுதான் அது உள்ளே போகிறது.

போன சம்பாவில் என் சைக்கிள் முன்னால் 'டொக் டொக்' என்றது. கடையில் காட்டினேன். ஃபோர்க் போச்சு, புதுசு போடுங்கள் என்றார்கள். உண்மையில் தளர்ந்திருந்தது ஹேண்டில் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங். அந்தப் பணம் எவ்வளவு வீணாகியிருக்கும் என்று நினைத்துத்தான் இந்த வீடியோ.

(காட்சி: முன் பிரேக்கைப் பிடித்த கை.)

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை ஹேண்டிலுக்குக் கீழே, கோன்செட் கப்பு சேரும் இடத்தில் வையுங்கள். அங்கே அசைவு தட்டினால் கோன்செட். விரலை இறக்கி, பளபளக்கும் மேல்குழாய் சீலுக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள். அங்கே தட்டினால் உள்ளே குழாய் வழுக்கி ஓடும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் பேடு லேசாக ஆடுவதும் இதே மாதிரி சத்தம் தரும், ஏமாந்துவிடாதீர்கள்.

கோன்செட் என்றால், ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் முதலில் தளர்த்துங்கள். பிறகு மேல்மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் முறுக்கி, பக்க போல்ட்டை இறுக்குங்கள். இந்த வரிசை மாறினால் பலன் இல்லை.

ஆட்டம் இல்லை, ஆனால் அமுக்கினால் இறங்க மறுக்கிறதா? அது அழுக்கு. ஸ்பிரிங் ஃபோர்க் என்றால் வீட்டிலேயே கழற்றலாம். காற்று ஃபோர்க் என்றால் முதலில் காற்றை முழுதாக இறக்கியாக வேண்டும், இதில் அவசரம் கூடாது.

சக்கரத்தையும் பிரேக்கையும் எடுத்துவிட்டு, கால்களின் அடியில் உள்ள போல்ட்டை ஆலன் கீயால் சில சுற்று தளர்த்துங்கள். போல்ட் சும்மா சுற்றினால் ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். ரப்பர் சுத்தியலால் போல்ட் தலையில் மெதுவாகத் தட்டி, முழுதாகக் கழற்றி, கீழ்க்கால்களை உருவுங்கள்.

(காட்சி: பனியன் துணியில் கறுப்புக் குழம்பு.)

பாருங்கள், இது கிரீஸ் இல்லை, நம் வயல் மண். பழைய பனியன் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே துடையுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம், சீல் ரப்பர் ஊதிவிடும். மேல்குழாயில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் கீறலோ துருக்குழியோ இருந்தால் புது சீலையும் அது தின்றுவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இந்தத் துரு சீக்கிரம் வரும். குழாயிலோ மேல் இணைப்பிலோ விரிசல் தெரிந்தால் அந்த ஃபோர்க்கில் ஏறவே ஏறாதீர்கள்.

சுத்தமானதும் புஷ்ஷிலும் சீல் உதட்டிலும் ரப்பருக்கு ஆகும் சிலிகான் கிரீஸைத் தடவி மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் மண்ணை இழுக்கும்.

புஷ்ஷே தேய்ந்திருந்தால் விலை குறைந்த ஃபோர்க்கில் மாற்றுவது கட்டாது. புதியது வாங்கும் முன் சக்கர அளவு, ஸ்டெம்முக்குள் போகும் மேல் தண்டின் நீளமும் தடிமனும், டிஸ்க்கா ரிம் பிரேக்கா, ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாக இருந்தால் பெரும்பாலும் 28.6 மில்லிமீட்டர்.

அப்புறம், மாட்டி இரண்டு நாள் ஓட்டியதும் அடி போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.