ஒரே ஆள், ஒரே மக்கள், இரண்டு தீர்ப்பு

நடுவர் அவர்களே, "கென்யாவின் கிவுதா கிப்வானா பொதுவாழ்வில் விஞ்சி நிற்பது நாடாளுமன்றத்திலா, மக்குவேனி கவுன்டியிலா?" இதுதான் தலைப்பு. கவுன்டியில்தான் என்று பேச வந்திருக்கிறேன். கவுன்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம் மாதிரி; ஆனால் அதற்கென்று தனி அரசும் சபையும் உண்டு, கவர்னர்தான் அந்த அரசின் தலைவர்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் சட்டப் பேராசிரியர், எம்.பி., அமைச்சர் என்று அடுக்கிக்கொண்டே போனார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களை வாசித்த மாதிரி இருந்தது. சரி, மாப்பிள்ளை குடும்பம் நடத்தினாரா என்று யாராவது சொல்ல வேண்டாமா?

அவர் வைத்த பெரிய வாதம் ஒன்றுதான். 2010 அரசியலமைப்பு வந்திராவிட்டால் 47 கவுன்டிகள் ஏது, கவர்னர் நாற்காலி ஏது? நாடாளுமன்றம் தாய், கவுன்டி பிள்ளை என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார். நடுவரே, தலைப்பு கென்ய நாடாளுமன்றத்தைப் பற்றியது அல்ல. கிப்வானா அங்கே இருந்த காலத்தைப் பற்றியது. ஆகவே வருடங்களைப் பார்ப்போம். அரசியலமைப்பை மாற்று என்று அவர் முன்னணியில் நின்று போராடியது 1997இல். அப்போது அவர் எம்.பி. அல்ல, நைரோபி பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக்கொடுத்தவர். எம்.பி. ஆனது 2002 டிசம்பர் தேர்தலில். அவர் உள்ளே இருந்தபோது வந்த வரைவு 2005 நவம்பரில் பொதுவாக்கெடுப்புக்குப் போனது. ஏற்பவர்களுக்கு வாழைப்பழச் சின்னம், எதிர்ப்பவர்களுக்கு ஆரஞ்சு. அவர் அங்கம் வகித்த அரசு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. மக்கள் ஆரஞ்சை எடுத்துக்கொண்டார்கள்!

அப்புறம் 2010 ஆகஸ்ட் 4ஆம் தேதி புதிய அரசியலமைப்பு ஜெயித்ததே, அன்றைக்கு இவர் எம்.பி.யா? இல்லை. 2007 தேர்தலிலேயே மக்குவேனி தொகுதி மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தத் தேர்தலில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற கலோன்சோ முசியோக்காவின் அலை அந்தப் பகுதி முழுக்க அடித்தது என்பது எனக்கும் தெரியும். தோல்விக்கு இவர் ஒருவரே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வருட எம்.பி. வேலையில் அந்த அலையைத் தாங்குகிற மாதிரி ஊருக்குள் எதுவும் ஊன்றப்படவில்லை என்று சொல்லலாம் அல்லவா?

இப்போது கவுன்டிக்கு வருகிறேன். கவர்னர் என்றால் மேலிடத்தில் நியமிக்கப்படுபவர் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஓட்டு வாங்கித்தான் உட்கார வேண்டும். 2013 மார்ச்சில் கிப்வானா மக்குவேனியின் முதல் கவர்னரானார். நைரோபியிலிருந்து மொம்பாசா போகிற பாதையில் இருக்கிற, மழை ஏமாற்றுகிற ஊர்கள். ஏறக்குறைய பத்து லட்சம் மக்கள். தலைநகர் வோட்டே சின்ன டவுன். அங்கே அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது கட்டடம் அல்ல, ஒரு கையெழுத்து.

ஊருக்கு என்ன வேண்டும் என்ற பேச்சு கிராமத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 30 வார்டுகளையும் தாண்டி கவுன்டி பட்ஜெட்டுக்கு வரும். இதைப் பல ஊர்களில் பேருக்குச் செய்வார்கள், டீ கொடுத்து அனுப்புவார்கள். மக்குவேனியில் அதற்கு மேல் ஒரு பூட்டு போட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் அந்த ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்த ஒரு குழு. வேலை ஒழுங்காக முடிந்தது என்று குழு கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம். யோசித்துப் பாருங்கள் நடுவரே. சிமெண்டில் கை வைத்த கான்ட்ராக்டர் பில்லோடு வருகிறார். எதிரே ஆடு மேய்த்துவிட்டு வந்த ஒரு பாட்டி, சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பூசிட்டு வாப்பா" என்கிறார். எந்த நாடாளுமன்றக் கேள்வி நேரத்துக்கு இந்தப் பலம் உண்டு?

அடுத்து ஆஸ்பத்திரி. 2016இல் மக்குவேனி கேர் என்று ஒரு திட்டம். ஒரு குடும்பம் வருடத்துக்கு 500 ஷில்லிங் கட்டிப் பதிந்துகொண்டால், கவுன்டி ஆஸ்பத்திரிகளில் மேற்கொண்டு காசில்லாமல் வைத்தியம். வோட்டேயில் 200 படுக்கையோடு தாய்சேய் மருத்துவமனையும் எழுந்தது. மாம்பழம் அந்த மண்ணின் பயிர். சீசனில் மரத்தடிக்கு வரும் தரகர் வைத்ததுதான் விலை. 2017இல் கலம்பாவில் கவுன்டியே பழக்கூழ் ஆலை திறந்தது. ஆலை வந்ததும் தரகர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள் என்று நான் பூசி மெழுகவில்லை. தோட்டக்காரருக்கு "உனக்குத் தரமாட்டேன்" என்று சொல்ல இன்னொரு வாசல் கிடைத்தது, அவ்வளவுதான். அது கொஞ்சமா?

சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் தனிச்சொத்து என்றாரே நண்பர், அதற்கும் பதில் இருக்கிறது. நைரோபியின் கட்டடங்களுக்காக மக்குவேனி ஆறுகளின் மணல் லாரி லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே ஆறு என்றால் பாதி வருடம் மணல்தான். அதைத் தோண்டித்தான் குடத்தில் தண்ணீர் எடுப்பார்கள். மணல் போனால் தண்ணீரும் போச்சு. 2015இல் மணல் பாதுகாப்புச் சட்டம் போட்டது கவுன்டி.

"சொந்தக் கவுன்டி சபையோடு ஒத்துப்போகத் தெரியாதவர்" என்று கிண்டல் செய்தார்கள். உண்மைதான், பட்ஜெட் தகராறு முற்றி 2014 செப்டம்பரில் வோட்டேயில் துப்பாக்கிச் சூடே நடந்தது. பிறகு கவுன்டி நிர்வாகத்தையே கலைத்துவிடுங்கள் என்று மக்கள் மனு கொடுத்தார்கள். கலைத்தால் கவர்னர் நாற்காலியும் சேர்ந்து போகும். தெரிந்தேதான் கிப்வானா அதற்கு ஆதரவாக நின்றார். விசாரித்த ஆணையம் கலைக்கலாம் என்றது. 2015இல் குடியரசுத் தலைவர் உகுரு கென்யாட்டா மறுத்துவிட்டார். 2017இல் மக்கள் என்ன செய்தார்கள்? கவர்னரைத் திரும்ப உட்கார வைத்தார்கள். சண்டை போட்ட உறுப்பினர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை.

கடைசித் துருப்புச்சீட்டாக எதிரணி எடுத்தது 2022. இரண்டு முறைக்கு மேல் கவர்னராக முடியாது என்பதால் கிப்வானா நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு நின்றார், தோற்றார். "பார்த்தீர்களா, அவர் மனசே நாடாளுமன்றத்தில்தான்" என்றார்கள். அவர் மனசு எங்கே இருந்தால் என்ன, மக்கள் அவரை எங்கே வைத்தார்கள்? கவுன்டிக்கு நின்ற இரண்டு தடவையும் ஜெயம். நாடாளுமன்றத்துக்கு 2007இலும் 2022இலும் தோல்வி. அதே 2022இல் மக்குவேனியின் செனட்டராக ஒன்பது வருடம் இருந்த முட்டுலா கிலோன்சோ ஜூனியர் அந்த நாற்காலியை விட்டுவிட்டு கவர்னருக்கு நின்றார், ஜெயித்தார். அவர் மட்டுமா? ஜேம்ஸ் ஒரெங்கோ, ஜான்சன் சக்காஜா, சூசன் கிஹிகா, எல்லோரும் செனட்டிலிருந்து இறங்கி கவுன்டிக்கு வந்தவர்கள்தான். உள்ளே இருந்து பார்த்தவர்கள் ஏன் இப்படி வரிசையாக வெளியே வருகிறார்கள் என்று எதிரணி சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன் நடுவரே. அடுத்து வருபவர் பட்டங்களை மறுபடி வாசிக்கட்டும், தடையில்லை. அந்த 500 ஷில்லிங்குக்கும் ஒரு பதிலை வைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.