இரும்புத்தூளும் கந்தகமும்: கலவை எந்த இடத்துல சேர்மமா மாறுது?

வணக்கம். மேசை மேல ரெண்டே பொருள்தான். சாம்பல் நிறத்துல இரும்புத்தூள் 7 கிராம், மஞ்சள்ல கந்தகத்தூள் 4 கிராம். ஏன் 7-க்கு 4? இரும்போட அணு நிறை 56, கந்தகத்துக்கு 32. ரெண்டையும் எட்டால வகுத்துப் பாருங்க. ஓர் இரும்பு அணுவுக்கு ஒரு கந்தக அணுங்கற கணக்குதான் இந்த எடையில இருக்கு.

காகிதத்துல கொட்டி, மஞ்சள் திட்டு எதுவும் தெரியாத வரைக்கும் புரட்டிப் புரட்டிக் கலக்குங்க. இப்ப இது வெறும் கலவை. காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு மேல காட்டுறேன், பாருங்க, இரும்பு மட்டும் முள்ளு முள்ளா எழுந்து ஒட்டுது. கவர் இல்லாம வெச்சா அந்தத் தூளைக் காந்தத்துலேர்ந்து எடுக்கவே முடியாது.

அடுத்தது சூடு. மொத்தத்தையும் போடாதீங்க, சோதனைக் குழாய்ல 2 கிராம் போதும். வாய்ப்பக்கம் கண்ணாடிப் பஞ்சு அடைங்க. சாதா பஞ்சு வெச்சா தீப்பிடிக்கும். அடைக்காம விட்டா கந்தக ஆவி வெளிய வந்து எரிஞ்சு, தொண்டையைக் கமற வைக்கிற சல்பர் டை ஆக்சைடு வரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க, ஜன்னலைத் திறந்து வைங்க.

குழாயோட அடியில மட்டும் பர்னரைக் காட்டுங்க. இதோ, ஆரஞ்சு நிறத்துல தணல் தெரியுதா? உடனே பர்னரை எடுத்துடுறேன். தணல் அணையல, தானாவே மேல ஏறுது! வினையில வர்ற வெப்பமே அடுத்த அடுக்கைப் பத்த வைக்குது. தொடர்ந்து சூடு காட்டிக்கிட்டே இருந்தா இந்த அழகான இடத்தைத் தவற விட்டுடுவீங்க. தணல் வரவே இல்லன்னா, இரும்புத்தூள் துருப்பிடிச்சிருக்கும், இல்ல ரொம்பக் கொரகொரப்பா இருக்கும்.

நல்லா ஆறினதும் குழாயைத் துணியில சுத்தி உடைச்சுதான் எடுக்கணும். கருஞ்சாம்பல் கட்டி, இரும்பு சல்பைடு. அந்தத் தணல் ஏறின இடத்துலதான் கலவை இந்தச் சேர்மமா மாறிச்சு. காந்தம் இதை லேசா இழுத்தா பயப்படாதீங்க, வினையில சேராத இரும்பு உள்ள மிச்சம் இருக்கு.

வாய்பாடு எழுதும்போதுதான் நிறைய பேர் சறுக்குறாங்க. இந்தச் சேர்மத்துல ரெண்டுக்கும் இணைதிறன், அதாவது ஓர் அணு கொடுக்கிற இல்ல வாங்குற எலக்ட்ரான் எண்ணிக்கை, 2. இரும்போட குறியீடு எஃப் ஈ, கந்தகத்தோடது எஸ். ஒண்ணோட இணைதிறனை இன்னொண்ணுக்குக் கீழ குறுக்க மாத்தி எழுதிட்டு, 'எஃப் ஈ ரெண்டு எஸ் ரெண்டு'ன்னு அப்படியே விட்டுடுறாங்க. சுருக்கணும்: எஃப் ஈ எஸ். இது தனித்தனி மூலக்கூறைக் குறிக்கல, படிகம் முழுக்க இருக்கிற ஒன்றுக்கு ஒன்றுங்கற விகிதத்தைத்தான் சொல்லுது.

பிணைப்பைப் பொறுத்தவரை, இரும்பு வெளிக்கூட்டோட 2 எலக்ட்ரானைக் கொடுக்குது, வெளிக்கூட்டுல 6 வெச்சிருக்கிற கந்தகம் வாங்கி 8 ஆக்கிக்குது. இப்படிக் கொடுத்து வாங்குறதால, தேர்வுக்கு அயனிப் பிணைப்புன்னு எழுதலாம். ஆனா எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்புல இருக்கிற எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கிற திறன், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.75 பக்கம்தான், சமையல் உப்புல அது 2-க்கும் மேல. அதனால இதுல எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கிற சகப்பிணைப்போட சாயல் நிறையவே உண்டு.

கடைசியா ஒண்ணு: இந்தக் கட்டி மேல வகுப்பறையில அமிலம் ஊத்தாதீங்க. அழுகின முட்டை வாசனையோட ஹைட்ரஜன் சல்பைடு வரும், அது நச்சு வாயு. அளவு கூடினா மூக்கு மரத்துப்போய் அந்த வாசனையே தெரியாது.