தடம் இருக்குதுங்களா?

நேயர்களுக்கு வணக்கம்.

தோட்டத்தை வாங்கிக் கல் நட்டு, சைட், அதாவது வீட்டு மனை, பிரித்து விற்கிறவன் நான். அன்னூர், அவிநாசி, கோவை வடக்கு, இந்த வட்டாரத்தில்தான் பிழைப்பு. "வெள்ளாமைக் காட்டையெல்லாம் அழிச்சவன்" என்று எங்களை ஊரில் சொல்வார்கள். அதை மறுத்துப் பேச நான் இங்கே வரவில்லை. இந்தத் தொழில் எப்படி நடக்கிறது, அதில் நான் எங்கே தவறினேன், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. ஒரு தனியார் சர்வேயரிடம் சங்கிலி பிடிக்கப் போனேன். இரும்புச் சங்கிலி, 66 அடி நீளம், 100 கண்ணி. பத்துச் சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் இருந்தால் அது ஒரு ஏக்கர். சித்திரை வெயிலில் வெறுங்கையால் தொட முடியாது. துண்டைச் சுற்றிக்கொண்டுதான் இழுப்பேன். கிளுவை வேலிக்குள் புதைந்து கிடக்கிற அத்துக்கல்லை, அதாவது எல்லைக் கல்லை, கடப்பாரையால் தோண்டிக் கண்டுபிடிப்பதும் என் வேலை. கல் கிடைத்தால் சண்டை தீரும் என்பார்கள். பல இடங்களில் கல் கிடைத்த பிறகுதான் சண்டையே ஆரம்பித்தது.

அங்கே காதில் விழுந்துகொண்டே இருந்த கேள்வி ஒன்று உண்டு. பூமி பார்க்க வருகிறவர் மண்ணைக் கிள்ளிப் பார்ப்பார், கிணற்றை எட்டிப் பார்ப்பார், கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "தடம் இருக்குதுங்களா?" பூமிக்குப் போக வழி உண்டா என்று அர்த்தம். மற்றதெல்லாம் பேரம். விலை அந்த ஒரு பதிலில்தான் இருந்தது.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வாடகை வீட்டில் இருந்த தொழிலாளிக்குச் சொந்தமாக மூணு சென்ட் வேண்டியிருந்தது. எங்களைப் போன்றவர்களிடம் ஏக்கர் கணக்கில் வாங்கக் காசு ஏது? தோட்டக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடுவோம். மாதத் தவணைக்கு சைட் விற்போம். தவணை கட்டி முடித்தவருக்குத் தோட்டக்காரரே ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து கிரயம் எழுதிக் கொடுப்பார். பத்திரத்தில் என் பெயர் எங்குமே இருக்காது. கெட்ட பெயர் மட்டும் எனக்கு!

என் முதல் லேஅவுட், அதாவது மனைப்பிரிவு, இரண்டேகால் ஏக்கர் மானாவாரிக் காடு. தார் ரோட்டிலிருந்து இட்டேரி வழியாகப் போக வேண்டும். இட்டேரி என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் மண்டி நிற்க, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும் அளவுக்கு மண் தடம். நடந்தால் கௌதாரி காலடியிலிருந்து பறக்கும். நான் அதைப் பொதுவழி என்றே நினைத்துவிட்டேன். புல வரைபடத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. முக்கால்வாசி தூரத்துக்குத்தான் அது பொதுவழி. மீதி, விற்றவருடைய பங்காளியின் பட்டா. சைட்டெல்லாம் விற்ற பிறகு ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், குறுக்கே இலந்தை முள் வெட்டிப் போட்டிருக்கிறது. அந்தப் பங்காளிப் பெரியவர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "மாமனாரூட்டுத் தடமாட்ட நெனச்சு வந்து போறீங்களாட்ட இருக்குது, தம்பி" என்றார். அந்தத் துண்டுத் தடத்துக்கு, காட்டுக்குக் கொடுத்த விலையைப் போல நாலு மடங்கு கொடுத்தேன். அந்த லேஅவுட்டில் எனக்கு மிஞ்சியது ஒரு பழைய சைக்கிள்.

அதற்குப் பிறகு மூலப் பத்திரம், வில்லங்கம், கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பேன். பெண்மக்கள் கையெழுத்தையும் கேட்பேன். தமிழ்நாட்டில் 1989-லேயே, அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. ஆனாலும் அண்ணன்மார் கேட்பார்கள்: "சீரெல்லாம் செஞ்சு அனுப்பியாச்சுங்களே, தங்கச்சி கையெழுத்து எதுக்குங்க?" இந்தக் கேள்வியில் நின்றுபோன கிரயங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

இனி நான் செய்த தப்பு. அந்தக் காலத்தில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்போம். வரைபடத்தில் ஊராட்சியின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், வெறும் ஊராட்சி முத்திரை போதாது என்பது எனக்குத் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரியாது. துறையிடம் போனால் ரோட்டுக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டு, அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏக்கருக்கு அறுபது சென்ட்டுக்குப் பக்கம்தான் விற்க மிஞ்சும். அதைத் தவிர்க்கத்தான் அந்த ஸ்டாம்ப்.

2016 செப்டம்பரில், அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சத்துணவு அமைப்பாளரம்மா என் வீட்டுக்கு வந்தார். பெண் கல்யாணத்துக்காகப் போட்டுவைத்த சைட், விற்கப் போனால் பதிவாகவில்லை. அவர் சத்தம் போடவில்லை. பத்திரத்தை என் மேஜைமேல் வைத்து, "நீங்களே ஒரு தடவை படிங்க" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அடுத்த ஆண்டு, அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்கு வழி பிறந்தது. பழைய நோட்டைத் தூசி தட்டி, வாங்கியவர்களை வீடு வீடாகத் தேடிப் போனேன். கட்டணம் என் கையிலிருந்து. பெருமைக்குச் சொல்லவில்லை; அந்தம்மாவின் மகளுக்குக் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளித்தான் நடந்தது.

இப்போது ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே போட முடியாது. வாங்குகிறவர் கொடுக்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் போய்விடும். ஒரு தோட்டத்துப் பணத்தை எடுத்து அடுத்த தோட்டத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துச் சுழற்றிய எங்கள் தலைமுறை இதைத் திட்டுகிறது. திட்டுகிறவர்களில் நானும் உண்டு, ஆனால் என் மகளுக்கு சைட் வாங்கும்போது முதலில் ரெரா நம்பரைத்தான் பார்த்தேன்.

போன தை மாதம் ஒரு பெரியவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு என் லேஅவுட்டுக்கு வந்தார். அந்த பூமியை ஏக்கர் கணக்கில் எனக்குக் கிரயம் கொடுத்தவரே அவர்தான். இப்போது பேத்திக்கு அதே இடத்தில் அஞ்சு சென்ட் வேண்டுமாம். அவருடைய கிணறு இருந்த மூலையில் பூங்காவுக்கு இடம் விட்டிருந்தோம். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூலைச் சைட்டின் கல்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "தடம் முப்பதடிதானுங்களே?" என்றார்.

"முப்பதடிதானுங்க, வரைபடத்துலயே இருக்குதுங்க" என்றேன்.

"இருக்கட்டும். அந்த டேப்பை இப்படிக் கொடுங்க" என்றார். ஒரு முனையைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு ரோட்டின் அக்கட்டுக்கு நடந்தார்.

வணக்கம்.